பக்குவப்பட்ட முதலீட்டாளர்கள்

நாட்டில் நீண்டகால முதலீட்டாளர்கள் பெருகிவருவது பாராட்டுக்குரியது. காலை 9.15-க்குச் சந்தை திறக்கும்போது இவர்கள் வெறும் இன்ட்ராடே ஆசாமிகள். பத்து மணிக்குப் பங்கு சரிந்ததும் மனம் பக்குவப்பட்டு, அதை டெலிவரியாக மாற்றி, பேரப்பிள்ளைகளுக்கென்று டீமேட்டில் வைத்துவிடுகிறார்கள். ஸ்டாப் லாஸ் போடுவதெல்லாம் கோழைகளின் வேலை. மேலும் விழுந்தால் ஆவரேஜ் செய்வார்கள். 100 ரூபாய்க்கு வாங்கியதை 50-க்கும் வாங்கினால் சராசரி 75. விலை பூஜ்யத்துக்கு வந்தால் எத்தனை வேண்டுமானாலும் அள்ளலாமே!

இந்தப் பொறுமை வாய்க்காதவர்களுக்கு எஃப் அண்ட் ஓ இருக்கிறது. 2024 மார்ச்சோடு முடிந்த மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்ததாக செபி கணக்கிட்டது. எந்தக் கட்சிக்கு வாய்க்கும் இந்தப் பெரும்பான்மை? மீதி 7 சதவீதம் பேர், தேர்தல் கணக்குப்படி, டெபாசிட் இழந்தவர்கள்.

இந்த நுணுக்கங்களைக் கற்றுத்தர டெலிகிராமில் குருமார்கள் இருக்கிறார்கள். கட்டணத்தை முன்பணமாகக் கட்டிவிட வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு குரு, வசூலானதை மாதாமாதம் தபால் ஆபீசில் ஐந்தாண்டு டெபாசிட்டாகப் போட்டுவிடுகிறார்.