கோபுரத்துக்கு வரிச்சட்டை

ஆளுயரம் போதாது, ஆடையும் பளிச்சென்று இருக்க வேண்டும் என்பது விமானத்துறையின் கொள்கை. அமெரிக்காவில் 200 அடியைத் தாண்டி எதையாவது எழுப்புவதென்றால், முன்கூட்டியே மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகத்திடம் சொல்லியாக வேண்டும். வண்ணமா, விளக்கா என்று அங்கிருந்து யோசனை வரும்.

சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்துக்கு இந்த யோசனை இரண்டு திசையிலிருந்து வந்தது. வானிலிருந்து தெரிய வேண்டுமென்று ராணுவ விமானப் படை சிவப்பு வெள்ளைப் பட்டை கேட்டது; கப்பலிலிருந்து தெரிய வேண்டுமென்று கடற்படை கறுப்பு மஞ்சள் பட்டை கேட்டது. கட்டடக் கலைஞர் இர்விங் மாரோவுக்கோ, உருக்கின் மேல் துருப்பிடிக்காமலிருக்கப் பூசி வந்த செந்நிறப் பூச்சே பிடித்துப்போயிற்று. 1937இல் பாலம் மிட்டாய்க் கம்பாகாமல் ஆரஞ்சு நிறத்தில் திறந்தது.

டோக்கியோ கோபுரம் தப்பவில்லை. 1958இல் எழுந்த அந்த 333 மீட்டர் உயரத்தின் ஆரஞ்சு வெள்ளைப் பட்டைகளைச் சுற்றுலாப் பயணிகள் கலைநயம் என்று படமெடுக்கிறார்கள். அது விமானச் சட்டத்தின் கைவண்ணம். 2012இல் திறந்த டோக்கியோ ஸ்கைட்ரீ 634 மீட்டர். இரு மடங்குக்குச் சற்றுக் குறைவு. ஆனால் பட்டை கிடையாது! பகலிலும் சிமிட்டும் வெள்ளை விளக்குகளை மாட்டிக்கொண்டு, நீலம் தோய்ந்த வெண்மையில் கௌரவமாக நிற்கிறது.

விளக்கிலும் வில்லங்கம் உண்டு. அணையாமல் எரியும் சிவப்பு விளக்கில் மயங்கி, வலசைப் பறவைகள் கோபுரங்களின் இழுவைக் கம்பிகளில் மோதிச் செத்தன. 2015இல் அமெரிக்க வழிகாட்டுதல் மாறியது: இனி சிவப்பும் சிமிட்ட வேண்டும். பறவைகள் தரப்பில் யாரும் படிவம் நிரப்பித் தரவில்லை.