ப்ரபோசல் சார்

மேடவாக்கம் கூட்ரோட்டிலிருந்து மாம்பாக்கம் சாலையில் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போனால் வரிசையாக அடுக்ககங்கள். பிளாக்குக்கு ஒருவராவது இப்படி இருப்பார். ஓ.எம்.ஆர். பக்கமோ வண்டலூர் பக்கமோ ஏதோ ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். மெயின்டனன்ஸ் மீட்டிங்குக்கு லேப்டாப்போடு வருவார். கதவில் பித்தளை எழுத்தில் பெயர் பதித்திருந்தும், வாட்ச்மேனிலிருந்து பால் போடுகிறவர் வரை எல்லாருக்கும் அவர் ‘ப்ரபோசல் சார்’தான். அவருக்கு அதில் வருத்தமே இல்லை. பிஎச்.டி.க்குப் பிறகு உருப்படியாகக் கிடைத்த பட்டம் அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லி முடிந்த கையோடு அவருக்கு மாக் டெஸ்ட். உள்ளறையில் மகள் நீட்டுக்காக 180 நிமிடத்தில் 180 கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள். ஹாலில் அப்பா செல்போனில் 90 நிமிடம் டைமர் வைத்துக்கொண்டு, லேப்டாப்பில் ஏஐயைத் திறந்து, ஆராய்ச்சிக்கு நிதி கேட்டு விண்ணப்பம் எழுதிப் பழகுவார். தலைப்பு குலுக்கலில் வரும். காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் சீட்டுகள் கிடக்கும்: ‘மெட்ரோ தூண் வேலையும் இளநீர்க் கடைக்காரர் நுரையீரலும்’, ‘நன்மங்கலம் காட்டு ஆந்தைகள்’, ‘வேளச்சேரி–தாம்பரம் சாலையில் ஹார்ன் சத்தம்’. சீட்டு எடுப்பது மனைவி.

“ஏங்க, ஆந்தை வந்திருக்கு.”

“ஆந்தையா! ஸ்டார்ட்!”

முதல் பத்து நிமிடம் தலைப்பின் சுருக்கெழுத்துக்கே போய்விடும். ‘கருடா’, ‘அக்னி’ என்று ஏதாவது ஒரு வடமொழிச் சொல்லாக அது வந்து நிற்க வேண்டும். ஏஐ அதில் கெட்டி. பிறகு நோக்கங்கள் நான்கு, செயல்முறை ஆறு கட்டம், மூன்று வருஷத்துக்கு கான்ட் சார்ட். பட்ஜெட் வரும்போது மட்டும் சார் ஏஐயை நகர்த்திவிட்டுத் தானே உட்காருவார். “இதுல அதுக்கு அனுபவம் பத்தாது” என்பார். அது எதைக் கேட்டாலும் ட்ரோன் வாங்கச் சொல்கிறதாம்.

“அப்பா, உங்க பரீட்சையை ஏஐ எழுதினா ப்ராக்டிஸ். என் பரீட்சையை எழுதினா மட்டும் காப்பியா?” என்று மகள் உள்ளேயிருந்து கேட்பாள். அதற்கு அவர் பதில் சொல்ல மாட்டார். டைமர் ஓடிக்கொண்டிருக்கும்.

ஏஐ எழுதித் தருவதைப் படிக்கிற பாக்கியம் எனக்கும் கிடைத்தது. மேடவாக்கத்துப் பெரிய ஏரியின் நீர்த்தரம் பற்றிய விண்ணப்பம் அது. “ஹோலிஸ்டிக், ஸ்கேலபிள், சஸ்டைனபிள்” என்று முதல் பத்தி முடிந்தது. இரண்டாம் பத்தியில் மேடவாக்கம் மீனவர்கள் விடியற்காலையில் கட்டுமரம் ஏறிக் கடலுக்குப் போனார்கள். முகவரியில், ஆராய்ச்சிக்கு நிதி தந்துகொண்டிருந்த மத்திய அரசு வாரியமான எஸ்.ஈ.ஆர்.பி. 2008-ல் சட்டம் போட்டுத் தொடங்கிய அந்த வாரியம் 2023-ல் வந்த சட்டத்தால் ஏ.என்.ஆர்.எஃப். என்ற அமைப்புக்குள் கரைந்துவிட்ட சேதி ஏஐக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. கடைசியில் மேற்கோள் பட்டியல். அதில் சார் பெயரிலேயே ஒரு கட்டுரை!

“இது நீங்க எழுதினதா சார்?”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். “ஜர்னல் நல்ல ஜர்னல்தான். நான்தான் எழுதலை” என்றார். அந்த வரியை உடனே அழித்தார் என்று சொல்ல முடியாது. கொஞ்ச நேரம் ரசித்துவிட்டுத்தான் அழித்தார்.

அந்த ஏரியை அவர் விட்டதே இல்லை. இன்டர்நெட் ஆஃப் திங்ஸ் பிரபலமாக இருந்தபோது அதில் சென்சார் மிதந்தது. பிறகு பிளாக்செயின் வந்தது. ஏரித் தண்ணீருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று எந்த நிபுணரும் கேட்கவில்லை. கொரோனா காலத்தில் ஏரியில் வைரஸ் தேடினார். இப்போது இயந்திரக் கற்றல். ஏரி என்னவோ ஆகாயத்தாமரையோடு அதே இடத்தில்தான் கிடக்கிறது.

இதெல்லாம் எதற்கு என்று கேட்டால் அவரைக் குறை சொல்ல மனசு வராது. கல்லூரிகளைத் தரம் பிரிக்கும் நாக் மதிப்பீட்டில் ஆராய்ச்சிக்கும் மார்க் உண்டு. என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையிலும் வெளியிலிருந்து எவ்வளவு ஆராய்ச்சிப் பணம் வந்தது என்று ஒரு கணக்கு உண்டு. ஏ.என்.ஆர்.எஃப்.புக்கு 2023 முதல் 2028 வரை 50,000 கோடி ரூபாய் என்று அரசு அறிவித்த அன்றே, அதில் நமக்கு ஒரு கோடியாவது வராதா என்று அவர் கல்லூரி நிர்வாகம் சர்க்குலர் விட்டுவிட்டது. வருடாந்திர அப்ரைசல் படிவத்தில் ‘சமர்ப்பித்தவை’ என்று ஒரு கட்டம், ‘கிடைத்தவை’ என்று இன்னொரு கட்டம். முதல் கட்டத்துக்கே மார்க் உண்டு. அப்புறம் யார் இரண்டாவது கட்டத்தைப் பார்ப்பார்கள்?

அமெரிக்காவில் மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி தரும் என்.ஐ.ஹெச். 2025-ல் ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஓர் ஆய்வாளர் ஆண்டுக்கு ஆறு விண்ணப்பம்தான் போடலாம். பெரும்பகுதி ஏஐ எழுதியதென்றால் அது அவருடைய சொந்தச் சிந்தனையாக ஏற்கப்படாது. ஒரே சுற்றில் ஒரே ஆள் நாற்பதுக்கு மேல் அனுப்பியதைப் பார்த்துப் பயந்துபோய் எடுத்த முடிவு. செய்தியைச் சாரிடம் சொன்னேன். திருந்துவார் என்று நினைத்தேன். “நாற்பதா! எந்த மாடல் சார் யூஸ் பண்ணினாராம்?” என்று கேட்டார்.

கை பழகிவிட்டால் அடக்க முடிவதில்லை. வாட்ச்மேனுக்கு உட்கார நல்ல நாற்காலி இல்லை என்று சங்கத்தில் பேச்சு வந்தது. இரவே வாட்ஸாப்பில் ஒன்பது பக்கம் வந்து விழுந்தது: பின்னணி, ஆய்வு இடைவெளி, எதிர்பார்க்கும் பயன், இடர் மேலாண்மை, ஓவர்ஹெட் பத்து சதவீதம். ‘ஆய்வு இடைவெளி’யில், தென்சென்னைப் புறநகர்க் காவலர்கள் அமரும் விதம் குறித்து இதுவரை போதிய தரவு இல்லை என்று எழுதியிருந்தது. செக்ரட்டரி மாமா ரிட்டயர்டு டெலிபோன்ஸ். “ஒரு சேர்தானே சார், நாளைக்கு வாங்கிடறேன்” என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டார். சாருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மூன்று கொட்டேஷன் கூடக் கேட்கவில்லையே!

ஞாயிற்றுக்கிழமை 90 நிமிடத்தில் முடிப்பவர், நிஜ டெட்லைன் அன்று படும் பாடு வேறு. விண்ணப்பம் மாலையே தயார். ஆனால் கல்லூரி முதல்வரின் ஒப்புதல் சான்றிதழில் கையெழுத்து வேண்டும். அன்று பௌர்ணமி. பிரின்சிபால் திருவண்ணாமலையில் கிரிவலம் போய்க்கொண்டிருப்பார். ஒருவழியாக, குபேர லிங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையைப் பிடித்துக் கையெழுத்துப் போட்டு ஸ்கேன் செய்து அனுப்புவார். கோப்பு இரண்டு எம்.பி.யைத் தாண்டிவிட்டது என்று போர்ட்டல் திருப்பித் தள்ளும். பதினொன்றே முக்காலுக்குச் சுற்ற ஆரம்பிக்கும். ஏஐயைக் கேட்டால், “பொறுமையாக மீண்டும் முயலுங்கள்” என்று அழகான நடையில் ஆறுதல் சொல்லும்.

எப்படியோ போன வருஷம் அந்த விபத்து நடந்துவிட்டது. தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்தின் மாணவர் திட்டத்தில், பசங்களுக்காக அவர் போட்ட ஏரி விண்ணப்பம் தேர்வாகிவிட்டது. 7,500 ரூபாய். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டார் சம்மதம் சொல்லிவிட்டதைக் கேட்ட பெண் வீட்டுக்காரர் மாதிரி பேச்சில்லாமல் நின்றார். இனிமேல் பில் சேர்க்க வேண்டும், செலவுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும், ஆடிட்டர் முத்திரை வாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆராய்ச்சி செய்ய வேண்டும்.

அடுத்த ஞாயிறு காலை மாணவர்கள் இரண்டு பேர் காலி பாட்டில்களோடு கேட்டில் வந்து நின்றார்கள். “சார், சாம்பிள் எடுக்கப் போலாமா?”

சார் புது நாற்காலியில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேனிடம் போய்க் குரலைத் தாழ்த்திக் கேட்டார். “ஏம்ப்பா, பெரிய ஏரிக்கு எந்தப் பக்கமா போகணும்?”

“என்ன சார், உங்க பால்கனிக்குப் பின்னாடிதானே இருக்கு! கொசு வருதுன்னு நீங்கதான் எப்பவும் சாத்தியே வெச்சிருக்கீங்க.”

சார் முகம் வாடிவிட்டது. “பின்னாடியா? அப்போ டிராவல் ஹெட்ல போட்ட 2,000 ரூபாயை நான் எப்படிப்பா செலவு காட்டறது?”