தேசாதிபதி விட்டுப்போன பெயர்

1890 முதல் 1895 வரை இலங்கைத் தேசாதிபதியாக இருந்த சேர் ஆதர் ஹெவ்லொக் செய்த உருப்படியான வேலை, நெல் வரியை நீக்கியது. வரி நீங்கியது வயலுக்கு. பெயர் விழுந்ததோ மருந்துக்கும் நெல் விளையாத கொழும்பு 5க்கு. பிறகு மதராசுக்கு ஆளுநராகப் போனார். ராஜமுந்திரியில் கோதாவரிப் பாலமொன்றும் அவர் கணக்கில் சேர்ந்தது.

ஹெவ்லொக் வீதிக்கு இப்போது பலகையில் ஸ்ரீ சம்புத்தத்வ ஜயந்தி மாவத்தை என்று பெயர். ஓட்டோக்காரரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். "ஹெவ்லொக் ரோட்டா அண்ணே?" என்பார். வெள்ளவத்தை மில் இருந்த காணியில் எழுந்த மாடி வீடுகளும் ஹெவ்லொக் சிட்டிதான். புத்தர் பெயரை வைத்தால், வாங்க வருபவர் ஆசையைத் துறந்து திரும்பிவிடுவார் என்ற பயமோ என்னவோ!