பந்து மேல் பழி

கேள்வி: பவுலிங் போனால் என் பந்து ஓரக் கால்வாயிலேயே ஓடுகிறது. சொந்தப் பந்து வாங்கினால் சரியாகுமா?

பதில்: அதுவும் அங்கேதான் ஓடும், உங்கள் காசில்! 60 அடி தள்ளி நிற்கும் பின்னை முறைப்பதை விடுங்கள். எல்லைக்கோட்டிலிருந்து சுமார் 15 அடியில், தரையிலேயே அம்புக்குறிகள் இருக்கும். வலது கைக்காரர் என்றால் வலப்பக்கத்திலிருந்து இரண்டாவது அம்பின் மேல் உருட்டுங்கள். பக்கத்து லேனில் பெண்கள் இருக்கிறார்கள் என்று 16 பவுண்டு பந்தைத் தூக்க வேண்டாம். மறுநாள் மணிக்கட்டு கணக்குக் கேட்கும். கட்டைவிரல் துளை இறுகவும் கூடாது, தொளதொளக்கவும் கூடாது. பந்தை இறுக்கிப் பிடித்தால்தான் கையில் நிற்கிறது என்றால் வேறு பந்து எடுங்கள். செலவழித்தே தீர வேண்டுமா? முதலில் (வலது கைக்காரர் என்றால்) இடது கால் வழுக்கி நிற்கும் பவுலிங் ஷூ வாங்குங்கள். பந்து அப்புறம்.