பி சைடு ரசிகர்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே 40 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இந்தத் தூரத்துக்குள் புதுப் படத்துப் பாட்டுகளைப் பற்றித் தீர்ப்பு கைவசம் இல்லாத ஒருவரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். தீர்ப்பின் வாசகம் பெரும்பாலும் மாறாது: "ரெண்டு பாட்டு தேறும்ணே." ஐந்துக்கு இரண்டு என்றால் 40 மார்க், பத்தாம் வகுப்புக் கணக்கில் பாஸ். '16 வயதினிலே' படத்துக்கே ஆனந்த விகடன் 1977இல் 62.5க்கு மேல் போடவில்லை. இவர் மட்டும் எதற்குக் கையைத் தாராளமாக விட வேண்டும்? நம் ரசிகர் மனத்தில் பட்டதை ஒளிப்பவர் அல்லர். இசையமைப்பாளர் எதிரே வந்து நின்றாலும் இதையேதான் சொல்வார். ஆனால் அவர் தீர்ப்பைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால் அதற்குள் ஆல்பத்தைவிட பஸ்தான் அதிகமாக இருக்கிறது.

சான்றுக்குக் கேசட் காலத்திலிருந்தே தொடங்கலாம். ஒரு படத்துக்கு ஐந்தாறு பாட்டு. அதை வைத்து ஒரு மணி நேர நாடாவை நிரப்ப முடியாது என்பதால், ஏ சைடில் ஒரு படம், பி சைடில் இன்னொரு படம் என்று சேர்த்து விற்பது வழக்கமாக இருந்தது. சம்பந்தமே இல்லாத இரண்டு படங்கள் ஒட்டுக்குடித்தனம் நடத்தின. நம் ரசிகர் இன்றைக்கும் அந்த இரண்டையும்தான் ஒன்றோடொன்று ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அவர் அதைக் கேட்டதோ பஸ்ஸில். அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் ஒரு கோட்டத்துக்கே விழுப்புரம்தான் தலைமையிடம் என்றாலும், அரசு பஸ்ஸில் தகரம்தான் பாடும். பாட்டு வேண்டுமென்றால் தனியார் வண்டி. திண்டிவனத்தில் ஏறி விக்கிரவாண்டியில் இறங்குகிறவருக்கு பி சைடின் கடைசிப் பாட்டுகள் காதில் விழ வாய்ப்பே இல்லை. "ஆரம்பம் அமர்க்களம், முடிவுதான் சரியில்ல" என்பார். மயிலம் முருகனைக் கும்பிட்டுவிட்டுக் கூட்டேரிப்பட்டில் ஏறுகிறவரோ, "எடுத்த எடுப்புலயே நடுவுல நிக்குதே, ஒரு தொடக்கம் வேணாமா?" என்று குறைபடுவார். இருவரும் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் பாயசம் வரும்வரை சண்டைதான். இருவர் சொல்வதும் உண்மை என்பது இருவருக்கும் தெரியாது. நாற்கரச் சாலை வந்து பயணம் சுருங்கியதில் இன்னும் ஒன்றிரண்டு பாட்டு கழன்றுபோயிற்று. பண்டிகை நாள்களில் மட்டும் விக்கிரவாண்டி சுங்கச்சாவடி அவற்றைத் திருப்பிக் கொடுக்கிறது.

ஏ.ஆர். ரஹ்மானைப் பற்றி இவர் வைத்திருக்கும் கொள்கையும் பஸ்ஸில் பிறந்ததே. 1992இல் 'ரோஜா' வந்த நாளிலிருந்து அது மாறவில்லை: "மொதல்ல புடிக்காது, போகப் போகப் புடிக்கும்." எங்கே போகப் போக? புதுச்சேரிக்குத் தினமும் வேலைக்குப் போகப் போக. அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் 1968இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். பொருளில்லாத சொற்களையும் படிக்கத் தெரியாத எழுத்துகளையும் ஆள்களுக்குத் திரும்பத் திரும்பக் காட்டினால், அதிகம் பார்த்தவை அதிகம் பிடித்துப்போகின்றன என்று அதில் காட்டியிருந்தார். அதற்கு அவருக்கு ஆய்வுக்கூடம் தேவைப்பட்டது. இங்கே ஒரு மாத சீசன் டிக்கெட்டும், கேசட் மாற்றச் சோம்பல்படும் ஒரு டிரைவரும் போதும். அந்தப் பாட்டு உண்மையிலேயே நல்ல பாட்டா என்ற கேள்வியை ஸயான்ஸும் கேட்கவில்லை, நம்மவரும் கேட்பதில்லை.

பஸ் பாட்டெல்லாம் பழங்கதை, இப்போது ஆளுக்கொரு இயர்போன், முழு ஆல்பமும் பையில் கிடக்கிறதே என்று கேட்கலாம். கிடக்கிறதுதான். ஆனால் 2011 நவம்பரில் 'கொலவெறி' தனியாக வெளிவந்து உலகம் சுற்றிய பிறகு, படத்துக்கு முன்னால் பாட்டை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிடுவது வாடிக்கையாகிவிட்டது. ஒரு பாட்டு வந்த அன்றே மொத்த ஆல்பத்துக்கும் மார்க் போட்டாயிற்று. மிச்சம் நாலு பாட்டு பின்னால் வந்து விண்ணப்பம் போட்டாலும் மறுகூட்டல் கிடையாது. முன்பு விக்கிரவாண்டிவரையாவது உட்கார்ந்திருந்த மனிதர், இப்போது ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் இறங்கிவிடுகிறார். சின்ன ஊர்க்காரரை இப்படிக் கிண்டல் செய்யலாமா என்று சென்னையிலிருந்து யாரேனும் கண்டித்தால், மார்கழி சபாக்களில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீன் பக்கம் நகரும் கூட்டத்தை அவருக்குக் காட்டலாம். அவர்களும் பாதி வழியில் இறங்குகிறவர்களே. டிக்கெட் விலைதான் கூடுதல்.

அப்படியானால் இவர் சொல்வதைக் கணக்கில் எடுக்க வேண்டாமா? எடுத்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி. டீசல் எஞ்சின், ஏர் ஹாரன், கண்டக்டர் விசில், மோட்டல் வாசலில் அலறும் கேசட் கடை, இத்தனையையும் மீறி ஒரு மெட்டு ஒருவர் மனத்தில் ஒட்டிக்கொண்டது என்றால் அந்த மெட்டில் ஏதோ இருக்கிறது. அமைதியான அறையில் கேட்டு எழுதும் விமர்சகரால் இந்தப் பரீட்சையை நடத்தவே முடியாது. 1976இல் 'அன்னக்கிளி' கிராமம் கிராமமாகத் தேறியதும் குழாய் ஸ்பீக்கரின் கரகரப்பில்தான். ஆகவே "தேறும்" என்று அவர் சொன்னால் நம்பலாம். "தேறாது" என்றால் மட்டும், எங்கே ஏறினார், எங்கே இறங்கினார் என்று ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்ள வேண்டும்.

அவரை நம்பக் கூடாத இடம் ஒன்றே ஒன்று: கேட்காத இசையைப் பற்றி அவர் பேசும்போது. கேட்காத இசையில் அவர் இதுவரை குறை கண்டதில்லை. படத்தின் பின்னணி இசை கேசட்டில் வராது, அதனால்தான் "பி.ஜி.எம். பேசும்ணே" என்று உருகுகிறார். தியாகராஜருக்கும் பாஹுக்கும் இளையராஜா காணிக்கையாக்கிய 'ஹவ் டு நேம் இட்' 1986இல் வந்தது. அதில் பாடல் வரி இல்லை, எனவே பஸ்ஸில் போட மாட்டார்கள். எனவே நூற்றுக்கு நூறு. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் குழு இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனியை வாசித்தது. நம்மவர் அதை "உலகத் தரம்" என்று அறிவித்துவிட்டார். யாராவது மேற்கொண்டு விவரம் கேட்டால், டீக்கடை பெஞ்சில் இருந்தபடியே சொல்வார்: "அதுல பாட்டே கிடையாது தம்பி, மொத்தமும் பி.ஜி.எம்."