சோபாவுக்கு ஒரு சட்டை, சட்டைக்கு ஒரு துண்டு

எந்த ஜன்னலுக்கு எந்தத் துணி, சோபாவுக்குப் பூப்போட்டதா கோடுபோட்டதா என்று நாலு பேருக்குப் பயன்படும்படி எழுதிவிடுவோம் என்றுதான் உட்கார்ந்தேன். உட்கார்ந்திருப்பது டைனிங் டேபிள் நாற்காலியில். சோபாவில் உட்கார முடியாது. போன வாரம்தான் அதற்குப் புதுத் துணி மாற்றியிருக்கிறது.

புதுத் துணி எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள். கடையில் பார்த்ததோடு சரி. குஷன்காரர் கூலியை வாங்கிக்கொண்டு தெருமுனை திரும்புவதற்குள் அதன்மேல் பழைய பெட்ஷீட் ஏறிவிட்டது.

அந்தத் துணியை எடுத்த கதையைக் கேட்டால் உங்களுக்கும் வயிறு எரியும். என் மனைவிக்கு ஊர் கரூர். திரைச்சீலை, படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு என்று உலகத்துக்கே கப்பலேற்றுகிற ஊர். அங்கே பிறந்தவர்களுக்குக் கடைக்காரன் துணியைப் பற்றிச் சொல்லிக்கொடுத்துவிட முடியுமா? போதாததற்கு மாமனாரும் கூட வந்திருந்தார்.

கடைப்பையன் சாம்பிள் புத்தகத்தைப் பிரித்து, "ஜக்கார்டு சார், பூவெல்லாம் நெசவுலயே வந்தது" என்றான். மாமனார் ஒன்றும் பேசாமல் துணியைத் திருப்பினார். தறியில் விழுந்த பூவாக இருந்தால் பின்பக்கமும் அதே பூ நிறம் மாறித் தெரியும். அச்சடித்த பூவென்றால் பின்பக்கம் வெளிறிக் கிடக்கும். இது வெளிறிக் கிடந்தது. "பிரிண்ட்டு, தம்பி" என்றார். பையன் அடுத்த புத்தகத்துக்குப் போனான். "இது சுத்தமான காட்டன் சார்." மாமனார் ஓரத்தில் ஒரு நூலை உருவி, சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். பருத்தி நூல் காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து சாம்பலாக உதிர்ந்துவிடும். பாலியெஸ்டர் உருகி, முனையில் கறுப்பாக ஒரு குட்டி மணி உருளும். உருண்டது. அதை நகத்தால் தட்டி, பையன் உள்ளங்கையில் வைத்து, "எடுத்து வெச்சுக்க தம்பி" என்றார். அதற்குள் சூப்பர்வைசர் கூரையிலிருந்த புகை அலாரத்தைப் பார்த்தபடியே ஓடி வந்தார்.

லினனைக் கசக்கிப் பார்த்து, "உக்கார்ந்து எந்திரிச்சா இஸ்திரி போடணும்" என்று தள்ளினார்கள். வெல்வெட்டில் கையை மேலே தடவினால் ஒரு நிறம், கீழே தடவினால் இன்னொரு நிறம். குஷன்காரர் ஒரு துண்டைத் தலைகீழாக வைத்துத் தைத்தால் ஒரே சோபா இரண்டு நிறத்தில் நிற்கும். போகட்டும் என்று விட்டார்கள். பெரிய மயில் போட்ட ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. மயில் எத்தனை அங்குலத்துக்கு ஒரு தடவை வருகிறது என்று மனைவி டேப்பை வைத்து அளந்தாள். ஒவ்வொரு இருக்கைக்கும் நடுவில் முழு மயில் உட்கார வேண்டுமென்றால் மிச்சத் துணியெல்லாம் கழிவு. கழிவு வேண்டாமென்றால் ஒரு இருக்கையில் கழுத்தில்லாத மயில். கடைசியில் நூலிலேயே சாயம் ஏற்றி நெய்த, சாம்பல் கலந்த நீலத்தில் பொடிக் கட்டம் போட்ட ஒரு துணி எல்லாத் தேர்விலும் தேறியது. அற்புதமான துணி. ஆண்டவன் சத்தியமாகச் சொல்கிறேன், ஞாபகத்திலிருந்துதான் சொல்கிறேன்.

இத்தனை ஆராய்ச்சியும் பெட்ஷீட்டுக்கு அடியில் கிடக்கிறது. பெட்ஷீட்டும் அழுக்காகக் கூடாது என்று தலை சாய்கிற இடத்தில் ஒரு துண்டு. துண்டு நழுவாமல் இருக்க நாலு ஊக்கு. நான் டிவி பார்ப்பது ஊக்குகளுக்கு நடுவில்.

சரி, சோபாவாவது துணி. பிரிட்ஜ் என்ன பாவம் செய்தது? அதன் தலையில் பை வைத்துத் தைத்த ஒரு விரிப்பு. இடப்பக்கப் பையில் கேஸ் புத்தகமும் செத்துப்போன மிக்ஸியின் வாரண்டி அட்டையும். வலப்பக்கப் பையில் காலாவதியான மாத்திரைகள். கைப்பிடிக்கு ஒரு தனி உறை. கை பட்டால் கைப்பிடி அழுக்காகுமாம். அந்த உறையைத் தொட்டுவிட்டு நான் போய்க் கை கழுவிக்கொண்டிருக்கிறேன். ரிமோட்டுக்குப் பாலிதீன் பை. அது பழுத்துப்போய், எந்த எண் எங்கே என்று குருட்டாம்போக்கில் அமுக்குகிறோம். மெத்தைக்குக் கம்பெனி போட்டனுப்பிய பிளாஸ்டிக்கையே கழற்றவில்லை. ராத்திரி புரண்டு படுத்தால் பக்கத்து அறையில் யாரோ அப்பளம் நொறுக்குகிற சத்தம். தலையணைக்கு உள்ளே ஒரு உறை, வெளியே ஒரு உறை, எண்ணெய்த் தலைக்காக மேலே ஒரு துண்டு. மிக்ஸிக்கு, கிரைண்டருக்கு, தையல் மெஷினுக்கு, பரணில் கிடக்கும் சூட்கேஸுக்கு. வாஷிங் மெஷினுக்கு உறை போடுகிற நாட்டில் வேறு யாரைக் குறை சொல்ல? துவைப்பதற்கென்றே பிறந்த மெஷின். அதன் உறை அழுக்கானால் கழற்றி அதற்குள்ளேயே போட்டுத் துவைக்கிறோம். உறை காய்கிற வரை அது அம்மணமாக நிற்கக் கூடாதென்று பழைய நைட்டி ஒன்றை மேலே போர்த்துகிறாள் மனைவி. அந்த நைட்டியை நான் எப்போது கேட்டாலும், "அது மாத்து உறைங்க" என்று பதில்.

ஒருகாலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து போன பூவேலைப் பருத்தித் துணி மேல் ஐரோப்பாவே பைத்தியமாக இருந்தது. உள்ளூர் நெசவாளர்கள் கூச்சல் போட்டதில் பிரான்ஸ் 1686-இல் தடை போட்டது. இங்கிலாந்தில் 1721-இல் ஒரு சட்டம்: அச்சுப் பருத்தியை உடுத்தவும் கூடாது, வீட்டில் திரை, மெத்தை உறை என்று போடவும் கூடாது. அதை எடுக்க 1774 வரை ஆயிற்று. நல்ல துணியை ஜனங்கள் கண்ணில் படாமல் செய்ய அவர்களுக்குப் பார்லிமெண்ட் தேவைப்பட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் ஒரு பெட்ஷீட் போதும்.

விருந்தாளி வந்தால் மட்டும் விடுதலை. "கீழே பார்க்கிங்ல இருக்கோம்" என்று போன் வந்ததும் ஆளுக்கு ஒரு மூலையைப் பிடித்து உருவி, துண்டு, ஊக்கு, பெட்ஷீட் எல்லாவற்றையும் சுருட்டிப் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் எறிவோம். போன ஞாயிறு லிப்ட் சீக்கிரம் வந்துவிட்டது. மனைவியின் பெரியம்மா பெட்ஷீட் மேலேயே உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் ஓரத்தைத் தூக்கி, குனிந்து, அடியிலிருந்த துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்து, "நல்ல துணி. மீட்டர் என்ன வெலைடி?" என்றார். பிறகு பெட்ஷீட்டை இழுத்துச் சரியாக மூடிவிட்டார். வீட்டுக்காரனான எனக்குக் கிடைக்காத தரிசனம்.

எங்கள் அப்பா வீட்டில் இருந்தது ஒரு பவானி ஜமக்காளம். சிவப்பும் பச்சையும் நீலமுமாக அகலக் கோடுகள், முரட்டு நூல். புவிசார் குறியீடெல்லாம் பின்னால் வந்தது. அதன்மேல் கல்யாணப் பந்தி நடந்திருக்கிறது, சீட்டாட்டம் நடந்திருக்கிறது, பாயசம் கொட்டியிருக்கிறது, நான் உட்பட எத்தனையோ குழந்தைகள் நனைத்திருக்கிறோம். வெயிலில் போட்டு நாலு அடி அடித்தால் மறுநாள் மறுபடி ஊரே உட்காரும். இப்போது அது எங்கள் பீரோ மேல் இருக்கிறது. பழைய வேட்டியில் சுற்றி.

திரைச்சீலைக்கு வருகிறேன். ஜன்னல் அகலத்தைப் போல இரண்டு பங்கு துணி எடுத்தால்தான் மடிப்பு அழகாக விழும். மேற்குப் பார்த்த ஜன்னலென்றால் பின்னால் லைனிங் கட்டாயம், இல்லாவிட்டால் ஒரே கோடையில் சாயம் போய்விடும். இப்படி மடிப்பும் லைனிங்குமாகத் தைத்து மாட்டிய திரையை, வீடு துடைக்கும்போது தரையில் படக் கூடாதென்று முடிச்சுப் போட்டு மேலே செருகிவைத்திருக்கிறார்கள். முடிச்சு ராத்திரிகூட அவிழ்வதில்லை. எதிர்வீட்டுக்காரர் எங்கள் இரவுச் சாப்பாட்டைத் தினமும் பார்க்கிறார். துணியைப் பற்றி அவரிடம் கேட்டாலும் முடிச்சைத்தான் சொல்வார்.

பருத்தியா பாலியெஸ்டரா என்ற முக்கியமான விஷயத்தை இனிமேல்தான் தொட வேண்டும். ஆனால் சோபாத் துணியில் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைய மிச்சம் இருக்கிறதாம். மனைவி சற்றுமுன் டேப்போடு வந்து, நான் தட்டிக்கொண்டிருக்கும்போதே இந்த லேப்டாப்பின் நீள அகலத்தை அளந்துகொண்டு போனாள். உள்ளே தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்கிறது. அது நிற்பதற்குள் இதை அனுப்பிவிட வேண்டும்.