தவளைப் பாய்ச்சல்

கே: பழைய பர்சனல் கம்ப்யூட்டர்களில் ‘கெர்மிட்’ என்றொரு மென்பொருள் இருந்ததாமே, அது தவளையின் பெயராச்சே?

ப: அதே தவளைதான்! 1981-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் டா குரூஸும் பில் கேட்சிங்ஸும் உருவாக்கியது. சுவரில் தொங்கிய, அந்தத் தவளை இடம்பெற்ற மப்பெட்ஸ் பொம்மைக் காலண்டரைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். மேசைமேல் இருக்கும் கம்ப்யூட்டரைப் பெரிய கம்ப்யூட்டரின் டெர்மினலாக வேஷம் கட்டவைக்கும். ஃபைலையும் டெலிபோன் கம்பி வழியே கொண்டுபோய்ச் சேர்க்கும். கம்பியிலோ இரைச்சல். நடுவிலிருக்கும் இயந்திரங்கள் சில கட்டுப்பாட்டுக் குறிகளை விழுங்கிவிடும். அதனால் ‘ரிட்டர்ன்’ குறியை ‘#எம்’ என்று சாதுவான இரண்டு எழுத்தாக்கி அனுப்பும் கெர்மிட். எல்லாம் பொட்டலம் பொட்டலமாக, சரிபார்க்க ஒரு கூட்டுத்தொகையோடு போகும். அந்தத் தொகை உதைத்தால் அந்தப் பொட்டலத்தை மறுபடி அனுப்பும். வேகம் குறைவுதான், ஆனால் எந்த இயந்திரத்தோடும் பேசிவிடும். அந்தப் பொறுமைமேல் எனக்கு அத்தனை பிரியம்!